கொம்பில்லாத யானைகளும் ஒரு டப்பா கொண்டைக்கடலையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்ற கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது, அதிலிருந்து கிளைகள் பிரிந்தன என்பதுதான் அந்தப் பதில். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரிணாமத்தைப் பற்றியே இருக்கின்றன. ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன், இடம் போதாது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் பயந்து யானைகள் தந்தம் இல்லாமல் பிறக்கத் தொடங்கிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா? எங்கள் ஊர்ப் பக்கம் வரும் மக்னாவும் (தந்தமில்லாத ஆண் யானை) அப்படித்தானா? (வாசகர், வால்பாறை)

செய்தி உண்மை. "பயந்து" என்ற சொல் மட்டும் தப்பு. அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொசாம்பிக் நாட்டில் கொரொங்கோசா என்று ஒரு தேசியப் பூங்கா. 1977 முதல் 1992 வரை அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. இரண்டு தரப்புப் படைகளும் யானைகளைச் சுட்டுத் தள்ளின. தந்தத்தை விற்றால் போருக்குக் காசு, இறைச்சி படைக்குச் சாப்பாடு. 1972இல் 2,500க்கு மேல் இருந்த யானைகள் 2000ஆம் ஆண்டில் 250க்கும் கீழே வந்துவிட்டன. ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு; ஆனால் பெண்களில் சிலவற்றுக்கு மட்டும் பிறவியிலேயே முளைக்காது. போருக்கு முன் எடுத்த பழைய படச்சுருள்களையெல்லாம் பார்த்து எண்ணியபோது கொரொங்கோசாவின் பெண் யானைகளில் 18.5 சதவீதம் அப்படித் தந்தமில்லாமல் இருந்தன. போருக்குப் பிறகு அதே கணக்கு 50.9 சதவீதம். ஒரு தலைமுறைக்குள், ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுகிற காலத்துக்குள் நடந்த மாற்றம் இது.

அந்தப் பதினெட்டரை சதவீதத்தைக் கவனியுங்கள். தந்தமில்லாத யானை போருக்கு முன்னாலேயே இருந்தது. எந்த யானையும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுத் தன் குட்டிக்குத் தந்தம் வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை, அப்படி முடிவெடுக்க எந்த உயிருக்கும் வழியில்லை. தந்தமுள்ளதைக் குறிபார்த்துச் சுட்டார்கள், இல்லாதது தப்பியது, தப்பியது குட்டி போட்டது. ஒரு கூட்டத்தில் உள்ள எல்லா உயிர்களிடமும் இருக்கிற மரபணுக்களை எல்லாம் ஒரே குளத்தில் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் மரபணுக் குளம் என்கிறார்கள். குளத்தில் முன்பே கிடந்த ஒரு வடிவம் பெருகியது, இன்னொன்று குறைந்தது. அப்படி விகிதம் மாறுவதற்குத்தான் பரிணாமம் என்று பெயர்.

2021இல் வெளிவந்த ஆய்வில் இந்த யானைகளின் மரபணுவைப் பார்த்தார்கள். தந்தம் என்பது நீண்டு வளர்ந்த வெட்டுப்பல்தான். பல்லின் எனாமல் உருவாவதில் வேலை செய்கிற ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, தந்தமின்மைக்கான மாற்றம் அதையொட்டிய பகுதியில் இருப்பதாகத் தெரிகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், அதனால் ஒன்றில் மாற்றம் இருந்தாலும் தந்தம் மட்டும் போகும், உயிர் தங்கும். ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் மாற்றம் வந்தால் குட்டி பிறப்பதே இல்லை. ஆகவே தந்தமில்லாத தாய்க்கு உருவாகிற ஆண் கருக்களில் பாதி கலைந்துவிடுகின்றன, பிறக்கிற குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாக இருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. வேட்டைக்காரன் துப்பாக்கியிலிருந்து தப்ப வைத்த அதே மாற்றம் கருப்பையில் ஆண் குட்டியைக் கொல்கிறது. இயற்கைத் தேர்வு என்றதும் உயிர்கள் மேலும் மேலும் சிறப்பாகிக்கொண்டே போகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நாளை என்று ஒன்று தெரியாது, இன்றைக்கு யார் மிஞ்சிக் குட்டி போடுகிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான்.

போர் நின்ற பிறகு பிறந்த பெண் யானைகளில் தந்தமில்லாதவை 33 சதவீதம். பழைய அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

இனி உங்கள் மக்னா. அது வேறு கதை. நம் ஆசிய யானையில் பெண்ணுக்கு நீண்ட தந்தம் கிடையவே கிடையாது, ஆணில் தந்தமுள்ள கொம்பனும் உண்டு, தந்தமில்லாத மக்னாவும் உண்டு. ஆப்பிரிக்காவில் தந்தமில்லாதது பெண், இங்கே நாம் மக்னா என்று அழைப்பது ஆண். ஆகவே கொரொங்கோசா விளக்கத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுகூடக் கொம்பனில்லை. ஆனால் தந்தத்துக்காகக் கொம்பனை மட்டும் தேடிச் சுட்டதன் விளைவு நம் காடுகளிலும் தெரிந்தது. பெரியாறு காப்பகத்தில் ஒரு காலத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட நூறு பெண் என்கிற நிலை வந்தது. நூறு பெண் யானை இருந்தாலும் தகப்பன் ஒன்றுதான் என்றால் அடுத்த தலைமுறையின் மரபணுக்களில் பாதி ஒரே யானையிடமிருந்து வருகிறது. வனத்துறை தலைகளை எண்ணுகிறது. குளத்தின் ஆழம் அந்த எண்ணிக்கையில் தெரியாது.

கேள்வி: நான் ஐந்து வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். இந்த உடம்பு என் பிள்ளைக்கும் வருமா? (வாசகர், சேலம்)

வராது. கொல்லர் பட்டறையில் தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி அடித்தாலும் குழந்தை பிறக்கும்போது சாதாரணக் கையோடுதான் பிறக்கிறது. நீங்கள் ஏற்றிய தசை உங்களோடு போகும். நீங்கள் பிறந்தபோது கொண்டுவந்த மரபணுவில் பாதிதான் பிள்ளைக்குப் போகும். ஆனால் அப்பா தினமும் காலையில் எழுந்து ஓடுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளையும் ஓடும், அதற்கு மரபணு தேவையில்லை, போய்க்கொண்டே இருங்கள்.

கேள்வி: ஹார்டி-வீன்பெர்க் சமநிலையை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டேன். பி ஸ்கொயர், டூ பிக்யூ, க்யூ ஸ்கொயர். எதற்காக இந்தச் சூத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மாற்றமும் நடக்காத ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறதா என்ன? (கல்லூரி மாணவி, திருச்சி)

இந்த ஹார்டி யார் தெரியுமா? நம்முடைய ராமானுஜன் 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு கடிதம் எழுதினாரே, அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர். அதே ஜி.எச். ஹார்டிதான்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1908இல், பெற்றோரின் பண்புகள் பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்று சொல்கிற மெண்டலின் விதிகளைப் பற்றிப் பெரிய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் குட்டையாக இருக்கும் ஒரு பிறவிக் குறை ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது. ஓங்கு பண்பு என்றால் அது பரவிப் பரவி நாலு பேரில் மூன்று பேருக்குக் குட்டை விரல் வந்திருக்க வேண்டாமா, ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி எழுந்தது. புன்னெட் என்ற மரபியலாளர் இதை ஹார்டியிடம் கொண்டுபோனார், இருவரும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிறவர்கள். ஹார்டி சின்னப் பெருக்கல் கணக்கு ஒன்றைப் போட்டு, இவ்வளவு எளிய விஷயம் உயிரியலாளர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்கிற தொனியில் ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக அனுப்பினார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வீன்பெர்க் அதே வருடம் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார்.

கணக்கைப் போட்டே பாருங்கள். ஊரில் 1,000 பேர். ஒரு மரபணுவுக்கு ஆளுக்கு இரண்டு பிரதி (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று), மொத்தம் 2,000. அதில் 200 பிரதி ஒரு நோய்க்கான வடிவம், அதாவது பத்துக்கு ஒன்று. யாரும் ஜீனைப் பார்த்துக் கல்யாணம் பண்ணுவதில்லை என்று வையுங்கள். அடுத்த தலைமுறையில் இரண்டு பிரதியும் நோய் வடிவமாக இருப்பவர்கள் பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் நூறில் ஒன்று, அதாவது 10 பேர், ஒன்று மட்டும் வைத்திருப்பவர்கள் 180 பேர், இல்லாதவர்கள் 810 பேர். இப்போது நோய் வடிவத்தை மறுபடி எண்ணுங்கள்: பத்து பேரிடம் 20, 180 பேரிடம் 180, கூட்டினால் அதே 200. ஓங்கு பண்பானாலும் ஒடுங்கு பண்பானாலும் (இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் வெளிப்படுவது) பரம்பரை என்கிற ஏற்பாடு தானாக எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

அப்படி மாறாத கூட்டம் உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. தராசு முள் நடுவில் நிற்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தால்தானே சாய்வு தெரியும், அதற்குத்தான் இந்தச் சூத்திரம். நேரில் எண்ணிப் பார்த்துக் கணக்கு இடித்தால் ஏதோ ஒன்று குளத்தை இழுக்கிறது என்று அர்த்தம்: புது மாற்றம், வெளியிலிருந்து வரவு, தேர்ந்தெடுத்து இணைவது, இயற்கைத் தேர்வு, இல்லையென்றால் வெறும் தற்செயல்.

கேள்வி: தகுதியுள்ளது பிழைக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஒரு இனத்தில் ஒரு பண்பு அழிந்துபோனது என்றால் அது தகுதியில்லாதது என்றுதானே பொருள்? (வாசகர், மதுரை)

இல்லை. இந்த எண்ணம் எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் என் மகளோடு உட்கார்ந்து செய்தேன். ஒரு டப்பாவில் கருப்புக் கொண்டைக்கடலை 50, வெள்ளைக் கொண்டைக்கடலை 50. கண்ணை மூடிக்கொண்டு 10 மட்டும் எடுக்க வேண்டும், அதுதான் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர். முதல் தடவை 6 கருப்பு, 4 வெள்ளை. உடனே டப்பாவை 60க்கு 40 என்று நிரப்பினோம். மறுபடி 10. இந்த முறை 7 கருப்பு. அடுத்து 5, அடுத்து 6, அப்புறம் 8. பதினோராவது தடவை அவள் கையில் பத்தும் கருப்பு. வெள்ளைக் கடலை என்ன குற்றம் செய்தது? ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே வழவழப்பு, கைக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லாதபடி பொறுக்கி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை எடுத்தாலும் வெள்ளை வராது, ஏனென்றால் டப்பாவிலேயே இல்லை. 10க்குப் பதில் 50 எடுத்து அதே ஆட்டத்தை ஆடினோம். இருபது தடவைக்குப் பிறகும் இரண்டு நிறமும் இருந்தன.

இதை மரபணு விலகல் என்கிறார்கள். கூட்டம் சின்னதாக ஆக ஆகத் தற்செயலின் கை ஓங்கும், நல்லதும் கெட்டதும் பார்க்காமல் அது அள்ளி வீசும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பூமா இப்படித்தான் இருபது முப்பது என்ற எண்ணிக்கைக்கு வந்து நின்றது. வால் நுனி மடங்கிய குட்டிகள், விரை இறங்காத ஆண்கள் என்று குறைகள் கூட்டம் முழுக்கப் பரவின. அவையெல்லாம் தகுதியால் பரவியவை இல்லை, மிஞ்சிய சில பூமாக்களிடம் தற்செயலாக இருந்தவை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எட்டே எட்டு. புது மரபணு குளத்தில் கலந்ததும் அடுத்த குட்டிகள் திடமாகப் பிறந்தன, எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

நம் கிர் சிங்கங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்து மீண்டவை. 2020 கணக்கில் 674, 2025இல் 891. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் 891ம் அந்தச் சின்ன டப்பாவிலிருந்து வந்தவை. எண்ணிக்கை திரும்பிவிட்டது, தொலைந்த வெள்ளைக் கடலை திரும்பாது. எல்லாமே குஜராத்தில், ஒரே பகுதியில். 2018இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் புகுந்து இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இன்னொரு கூட்டத்தை உருவாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டது. குனோவுக்கு 2022இல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) வந்துவிட்டன, சிங்கம் இன்னும் போகவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: நான் செவிலியர். எங்கள் பகுதிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் நோய் அதிகம். இவ்வளவு வேதனை தருகிற மரபணு ஏன் காலப்போக்கில் ஒழியவில்லை? இந்த நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறாமல் இருந்தால் ஒழிந்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள், கேட்கவே சங்கடமாக இருக்கிறது. (வாசகி, கூடலூர்)

உங்கள் மலையில் இது இருப்பது 1952இலேயே பதிவாகிவிட்டது, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில். கிட்டத்தட்ட அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தோனி அலிசன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் இந்த மரபணு ஏராளம், குளிர்ந்த மேட்டு நிலத்தில் அரிது. கொசு இருக்கிற இடத்தில் இருக்கிறது, கொசு இல்லாத இடத்தில் இல்லை. 1954இல் அவர் காட்டியது இதுதான்: இரண்டு பிரதி இருந்தால் ரத்த அணு அரிவாள் போல வளைந்து குழாயை அடைத்து உயிரை வாங்குகிற அதே மரபணு, ஒரு பிரதி மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து குழந்தையைக் காப்பாற்றுகிறது. மலேரியாக் காட்டில் ஒரு பிரதி வைத்திருந்த பிள்ளைகள் அதிகம் பிழைத்தார்கள், அதனால் குளத்தில் அது தங்கியது. அதைக் கெட்ட மரபணு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மக்களின் முன்னோர்கள் எத்தனையோ பேர் அதனால்தான் உயிரோடு இருந்தார்கள்.

அந்தப் பேச்சுக்கு வருவோம். முதலில் அது கொடுமை, கணக்கு எப்படி வந்தாலும் கொடுமைதான். அந்தப் பாதையில் ஏற்கனவே போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் போட்டது, நாஜி ஜெர்மனி 1933இல் போட்டது. அப்புறம் கணக்காகவும் அது தேறாது. மேலே திருச்சி மாணவிக்குச் சொன்ன ஊரையே எடுங்கள். நோயுள்ள 10 பேரும் பிள்ளை பெறவில்லை என்றால் 20 பிரதி போகும், மீதி 1,980 பிரதிகளில் 180 அப்படியே இருக்கும். பத்து சதவீதம் ஒன்பது சொச்சமாகும், அவ்வளவுதான். மரபணுவில் பெரும்பங்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிற 180 பேரிடம் இருக்கிறது, அதில் நீங்களோ நானோகூட இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. பிறந்த குழந்தைக்கே பரிசோதனை, முதல் காய்ச்சலிலேயே சிகிச்சை, ஹைட்ராக்சியூரியா மாத்திரை தடையில்லாமல் கிடைப்பது. தம்பதி இருவருமே ஒரு பிரதி வைத்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் மொழியில் பேசுவது. சொந்தத்தில் கட்டியதால் இந்த மரபணு உண்டானது என்று யாரையும் குற்றம் சொல்லவும் விடாதீர்கள். சொந்தத்தில் கட்டினால் இரண்டு பிரதியும் ஒரே குழந்தையிடம் சேர வாய்ப்பு கூடும், அது உண்மை, ஆனால் மரபணுவை அது உண்டாக்குவதில்லை.

கேள்வி: தாத்தா காலத்து மாப்பிள்ளைச் சம்பா விதை இரண்டு படி வைத்திருக்கிறோம். வருடா வருடம் கால் சென்ட் மட்டும் போட்டு விதையைக் காப்பாற்றுகிறோம். விளைச்சல் ரகம் இவ்வளவு இருக்கும்போது இதனால் என்ன பயன் என்று மகன் கேட்கிறான். (விவசாயி, திருத்துறைப்பூண்டி)

உங்கள் ஊர்ப் பக்கமே நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

1970களில் ஆசியா முழுக்கப் புது ரகங்கள் பரவியிருந்த நேரம், புகையான் பூச்சி ஒரு வைரஸைக் கொண்டுவந்தது. பயிர் புல்லுப் போலக் குத்தாகக் குட்டையாக நின்றுவிடும், உருப்படியாகக் கதிர் விடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். தாங்கி நின்றது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். யாரும் சாப்பிடாத, அறுப்பதற்குள் மணி உதிர்ந்துவிடுகிற, களை மாதிரி வளர்கிற நெல். அதிலிருந்து எதிர்ப்புத் திறனை எடுத்துக் கலந்துதான் ஐ.ஆர். 36 போன்ற ரகங்கள் வந்தன. 1976இல் வெளியான அந்த ஐ.ஆர். 36 பின்னால் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரானது. அந்தக் காட்டு நெல் நின்ற குட்டையை யாராவது முன்னாலேயே மண்ணடித்து மூடியிருந்தால்?

இதில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கால் சென்ட் என்பது சின்ன டப்பா. நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே கருத்தரித்துக்கொள்கிற பயிர், அதனால் ஒவ்வொரு தூரும் கொஞ்சம் வேறு வேறு வம்சமாகவே இருக்கும். நன்றாக விளைந்த ஒரு கதிரை மட்டும் உருவி விதைக்கு வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வயலின் நாலு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும், முந்தி வந்தது, பிந்தி வந்தது, உயரம், கட்டை என்று குறைந்தது நூறு தூரிலிருந்தாவது தூருக்கொரு கதிர் எடுத்துக் கலந்து வையுங்கள். ஒரு படியை அடுத்த ஊரில் நம்பிக்கையான யாரிடமாவது கொடுங்கள், ஒரு வெள்ளத்தில் உங்களுடையது போனாலும் அங்கிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.